மியூட்டெக்ஸ் இருந்தும் விழுந்த சர்வர்: சி++ நிரலுக்குள் ஆர் மொழியைப் பதித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காற்றாலைகளின் மின் உற்பத்தியை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் ஒரு சிறு குழுவில் நடந்தது இது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு பல்லடம், உடுமலைப் பக்கத்து ஆலைகளுக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் சிலவற்றுக்கும் கணிப்பு அனுப்பிக்கொண்டிருந்தோம். மின்தொகுப்பின் கணக்கில் ஒரு நாள் என்பது 15 நிமிட பிளாக்குகள் 96. ஒவ்வொரு பிளாக்குக்கும் எவ்வளவு மின்சாரம் தருவோம் என்று ஆலைக்காரர் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னதற்கும் தந்ததற்கும் இடையே விலகல் கூடினால் அவர் பணம் கட்ட வேண்டும். ஆகவே எங்கள் கணிப்பு தவறாகப் போனாலும் சரி, நேரத்துக்குப் போகாவிட்டாலும் சரி, அதன் விலையைக் கொடுப்பவர் அவர்தான்.

குழுவில் ஐந்து பேர். கணிப்பு மாதிரிகளை (மாடல்களை) எழுதிய இருவரும் புள்ளியியல் படித்தவர்கள். ஆர் என்ற புள்ளியியல் மொழியில், மாதிரிகளைப் பொருத்த உதவும் எம்ஜிசிவி தொகுப்பை வைத்து வேலை செய்பவர்கள். சர்வரை எழுதிய இருவர் சி++ ஆட்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான்.

முதலில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆர் நிரலைப் புதிதாகத் தொடங்கி ஓட்டினோம். தொகுப்புகளையும் பொருத்திவைத்த மாதிரிகளையும் வட்டிலிருந்து ஏற்றுவதற்கே சில நொடிகள் போயின; கணக்குக்கு அரை நொடிகூட ஆகவில்லை. அதனால் ஆர் இயந்திரத்தையே சர்வருக்குள் பதித்துவிட முடிவு செய்தோம். ஆர் ஒரு நூலகமாகவும் கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு செயற்கூற்றை அழைத்தால் போதும், மொழி முழுவதும் நம் பிராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள், குடியேறிவிடும். மாதிரிகள் ஒருமுறை ஏறினால் ஏறியபடியே இருக்கும். சர்வரில் எட்டு த்ரெட் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலை இழைகள்) கொண்ட தொகுதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. கோரிக்கை எந்த த்ரெட்டின் கைக்கு வருகிறதோ அதுவே ஆரை அழைக்கட்டும் என்று விட்டோம்.

பிப்ரவரி: முதல் எச்சரிக்கை

முதல் சோதனையிலேயே பிழை வந்தது. சி ஸ்டாக்கின் (செயற்கூற்று அழைப்புகள் அடுக்கப்படும் நினைவகப் பகுதியின்) பயன்பாடு எல்லையை நெருங்கிவிட்டது என்று ஆர் சொன்னது. வினோதம் என்னவென்றால், அது காட்டிய பயன்பாடு பதின்மூன்று இலக்க எண். எங்கள் மெயின் த்ரெட்டின், அதாவது நிரல் தொடங்கும் முதல் த்ரெட்டின், ஸ்டாக் மொத்தமே 8 எம்பி.

காரணத்தைப் பிற்பாடு புரிந்துகொண்டோம். ஆர் தொடங்கும்போது மெயின் த்ரெட்டின் ஸ்டாக் எந்த முகவரியில் ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு முறையும் இப்போதைய முகவரியை அதிலிருந்து கழித்து, இவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறது. வேறொரு த்ரெட்டின் ஸ்டாக் நினைவகத்தில் வேறெங்கோ இருக்கும். அங்கே நின்று கழித்தால் வருவது ஆழம் இல்லை, இரண்டு ஊருக்கு நடுவில் உள்ள தூரம்.

அன்று எங்களில் ஒருவர் தேடி ஒரு தீர்வைக் கொண்டுவந்தார். ஸ்டாக் எல்லையைக் குறிக்கும் மாறிக்கு மைனஸ் ஒன்று கொடுத்தால் அந்தச் சோதனையே நின்றுவிடும். ஒற்றை வரி. பிழை மறைந்தது. இந்த வழி ஆரின் நீட்சி எழுதும் கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் அதே பகுதியின் முதல் வாக்கியம், பதிக்கப்பட்ட ஆர் மெயின் த்ரெட்டில் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டது, சோதனைகளும் அப்படியே நடக்கின்றன என்கிறது. வரியை எடுத்துக்கொண்டோம், வாக்கியத்தை விட்டுவிட்டோம். அதைச் சேர்த்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான்.

மார்ச்: பூட்டு

இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் ஆருக்குள் போகக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல. கணக்கை ஓட்டும் அழைப்பைச் சுற்றி ஒரு மியூட்டெக்ஸ் போட்டோம்; ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு அது. இந்த நம்பிக்கை வந்த வழியையும் சொல்ல வேண்டும். அதே சர்வரில் காற்றுவேகத் தரவை மென்மைப்படுத்த, ஃபூரியே மாற்றம் கணக்கிடும் எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தைப் பயன்படுத்தினோம். அதில் திட்டம் தயாரிக்கும் பகுதி மட்டும்தான் பல த்ரெட்டுக்கு ஆகாதது. தயாரான திட்டத்தை எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆபத்தான இடம் சின்னது, அதைப் பூட்டினால் மற்றதெல்லாம் தாராளம். இந்தப் பழக்கத்தையே ஆருக்கும் கொண்டுபோனோம்.

எனவே மியூட்டெக்ஸ் காத்தது கணக்கு ஓடும் அழைப்பை மட்டும்தான். உள்ளீட்டு எண்களை ஆர் வெக்டர்களாக ஆக்குவது, விடையிலிருந்து எண்களை எடுத்து சி++ பக்கத்துக்கு நகலெடுப்பது எல்லாம் பூட்டுக்கு வெளியே நடந்தன. அவை வெறும் நகல் வேலை என்று நினைத்தோம்.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் ஒன்றும் ஆகவில்லை. காற்றில்லாத காலம். ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைக்கு மேல் வருவதே அரிது.

மே, ஜூன்: காற்று வந்தபின்

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் ஆலைகள் அடிக்கடி கணிப்பைத் திருத்திக் கேட்கத் தொடங்கின. கோரிக்கைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பதிவுகளில் நாங்கள் கண்டவை:

முதலில், பாதுகாக்கப்பட்ட பொருள்கள் இத்தனைதான் உள்ளன, அதற்குமேல் எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று ஆர் புகார் சொன்னது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. மறுமுறை கேட்டால் சரியாகிவிடும் என்பதால் கோரிக்கையைத் தானாகவே மீண்டும் அனுப்பும்படி வைத்தோம். ஸ்டாக் சோதனையை அணைத்ததற்குப் பின் இது இரண்டாவது வாயடைப்பு.

பிறகு ஒருநாள் பின்னிரவு சர்வர் பதில் தருவதை நிறுத்தியது. ஆனால் சாகவில்லை. கண்காணிப்பு நிரல் பார்த்தால் பிராசஸ் உயிரோடுதான் இருந்தது, அதனால் மறுதொடக்கம் நடக்கவில்லை. காலையில் பதிவைத் திறந்தால், செக்மென்டேஷன் பிழை (தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) நேர்ந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று ஆர் ஒரு பட்டியலைக் காட்டி, எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் காத்திருந்தது. பதிக்கப்பட்ட ஆர் தன்னை எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே தொடங்கிக்கொள்கிறது. அந்தப் பிழையை அறிவிக்கும் எஸ்ஐஜிசெக்வி உட்பட, இயங்குதளம் அனுப்பும் பல சிக்னல்களைத் தானே பிடித்துக்கொள்கிறது. எங்கள் சேவையின் உள்ளீட்டுக் குழாய் திறந்தே கிடந்ததால், யாரும் தட்டப்போகாத ஒரு விசைக்காக அது விடிய விடியக் காத்திருந்தது. அன்றைக்குப் பல பிளாக்குகளுக்குத் திருத்தம் போகவில்லை. ஆலைக்காரர் ஒருவர் நேரில் வந்தார். அவர் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் எங்களை மிகவும் குழப்பியது. ஓர் ஆலைக்கான கணிப்பு சில நாள் மட்டும் சரியாக 22 பிளாக் தள்ளி வந்தது. வளைவின் வடிவம் அப்படியே இருந்தது, இடம் மட்டும் மாறியிருந்தது. மாதிரியை எழுதியவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "என்ர மெஷின்ல நூறு வாட்டி ஓட்டிட்டனுங்க, ஒருக்கா கூட மாறலீங்க." அவர் சொன்னது உண்மைதான்.

ஆய்வு

உறைந்து நின்ற பிராசஸை ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் பிடித்து எல்லா த்ரெட்டுகளின் அழைப்புத் தடத்தையும் எடுத்தோம். ஒரு த்ரெட் கணக்கின் நடுவே, யாருக்கும் தேவைப்படாத பொருள்களின் நினைவகத்தை மீட்கும் ஆரின் கார்பேஜ் கலெக்டருக்குள் இருந்தது. பூட்டு அதன் கையில். இன்னொரு த்ரெட், பூட்டே இல்லாமல், ஒரு வெக்டரை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

ஆரின் நினைவகப் பராமரிப்பு எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கார்பேஜ் கலெக்டர் சி ஸ்டாக்கைத் துழாவிப் பார்ப்பதில்லை. உங்கள் சி++ மாறி ஒன்று ஆர் பொருளைச் சுட்டுகிறது என்பது அதற்குத் தெரியாது; புரொடெக்ட் என்ற அழைப்பால் நீங்கள் சொன்னால்தான் தெரியும். சொன்னவை ஓர் அடுக்கில் ஏறுகின்றன. வேலை முடிந்ததும், மேலிருந்து இத்தனையை இறக்கு என்று சொல்ல வேண்டும். அந்த அடுக்கு பிராசஸுக்கு ஒன்றே ஒன்று.

இப்போது இரண்டு த்ரெட். முதலாவது தன் உள்ளீட்டு வெக்டரை அடுக்கில் ஏற்றுகிறது. இரண்டாவது தன் விடையை அதன்மேல் ஏற்றுகிறது. முதலாவது வேலை முடித்து, மேலே உள்ள ஒன்றை இறக்கு என்கிறது. இறங்குவது இரண்டாவதின் விடை. அதற்குப் பின் எந்த ஒதுக்கீட்டின்போதும் கார்பேஜ் கலெக்டர் வரலாம். வந்தால் அந்த விடை இருந்த இடம் வேறொரு பொருளுக்குப் போய்விடும். இரண்டாவது த்ரெட் எண்களை நகலெடுக்கும்போது அங்கே இருப்பது யாருடைய எண்களோ. இதை உணர்ந்தபோதுதான் உண்மையில் பயந்தோம். செக்மென்டேஷன் பிழை வந்தால் அது அதிர்ஷ்டம். வராத நாள்களில் குப்பை எண்களையே கணிப்பு என்று அனுப்பியிருக்கக்கூடும், அப்படி அனுப்பியதை இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

உறுதி செய்ய ஆரின் ஜிசிடார்ச்சர் வசதியை இயக்கினோம். அது ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் கார்பேஜ் கலெக்டரை ஓட்டும். சர்வர் நத்தை வேகத்துக்கு வந்தது, ஆனால் வாரத்துக்கு ஒருமுறை விழுந்தது ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. இரண்டே த்ரெட் போதுமானதாக இருந்தது. இந்தச் சோதனையை மார்ச்சில் ஒரு மதிய வேளையில் செய்திருக்கலாம்.

பூட்டை விரித்தோம்: ஆரைத் தொடும் எல்லா வரிகளும் மியூட்டெக்ஸுக்குள் வந்தன. விழுவது நின்றது. மூன்றாம் நாள் சர்வர் முற்றாக உறைந்தது. எட்டு த்ரெட்டும் பூட்டுக்காக நின்றன, பூட்டை வைத்திருந்தவர் யாரும் இல்லை. ஆரில் பிழை நேர்ந்தால் அது லாங்ஜம்ப் என்ற சி வசதி மூலம், நடுவில் உள்ள அழைப்புகளை விட்டுவிட்டு நேராக வெளியே தாவுகிறது. சி++ விதிவிலக்குபோல வழியில் உள்ள டிஸ்ட்ரக்டர்களை (பொருள் முடியும்போது துப்புரவு செய்யும் செயற்கூறுகளை) அழைத்துக்கொண்டு வருவதில்லை. ஆரின் பிழைகளைப் பிடிக்கும் செயற்கூற்றுக்கு, அது திரும்ப அழைக்கட்டும் என்று நாங்கள் கொடுத்த செயற்கூற்றின், அதாவது கால்பேக்கின், உள்ளேயே பூட்டை எடுத்திருந்தோம். காணாத தரவால் ஒரு மாதிரி பிழை எறிந்தது. தாவல் கால்பேக்கைத் தாண்டிப் போனது. பூட்டைத் திறக்க வேண்டிய டிஸ்ட்ரக்டர் ஓடவே இல்லை. பூட்டைக் கால்பேக்குக்கு வெளியே நகர்த்தியதும் சரியானது. அங்கே நாங்கள் கற்றது: ஆரை அழைக்கும் கால்பேக்குக்குள் டிஸ்ட்ரக்டர் உள்ள எந்த சி++ பொருளும் இருக்கக் கூடாது, ஸ்ட்ரிங்கும் வெக்டரும்கூட.

22 பிளாக் மர்மம் இதற்கெல்லாம் பிறகும் தீரவில்லை. 22 பிளாக் என்றால் ஐந்தரை மணி நேரம். யாரோ காபி குடிக்கும்போது போகிற போக்கில் இதைச் சொல்ல, அறையே அமைதியானது. ஒரு மாதிரி, வானிலைத் தரவைப் படிப்பதற்கு முன், நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் சூழல் மாறியை யுடிசி (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) ஆக்குகிறது, திரும்ப மாற்றுவதில்லை. தனியாக ஓடிய காலத்தில் அந்தப் பிராசஸ் வேலை முடிந்து செத்துவிடும், யாருக்கும் பாதிப்பில்லை. இப்போது அதன் பின்னால் வரும் இன்னொரு மாதிரி, நேர மண்டலம் குறிப்பிடாமல் தேதிகளைப் படித்தால், இந்திய நேரத்தை யுடிசி என்று எடுத்துக்கொள்கிறது. எந்த மாதிரிக்குப் பின் எது ஓடுகிறது என்பது கோரிக்கை வரும் வரிசையைப் பொறுத்தது. எத்தனை பூட்டுப் போட்டாலும் இது நடக்கும். ஒருவர் பின் ஒருவராக வந்தாலும் அறை ஒன்றுதான். அதோடு, சூழல் மாறியை ஒரு த்ரெட் மாற்றும் அதே நொடியில் சர்வரின் வேறொரு த்ரெட் உள்ளூர் நேரத்தைக் கேட்டால், அது சி நூலக மட்டத்திலேயே தனி மோதல்.

முடிவுகளும் காரணங்களும்

நான்கு வழிகள் பேசப்பட்டன. மாதிரிகளை சி++ மொழியில் திருப்பி எழுதுவதை அரை மணி நேரத்தில் கைவிட்டோம். மாதிரிகள் வாராவாரம் மாறுகிறவை. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு தனி ஆர் என்ற யோசனைக்கு ஆர் இடம் தருவதில்லை. அதன் நிலை முழுவதும் உலகளாவிய மாறிகளில் இருக்கிறது, ஒரு பிராசஸுக்கு ஓர் ஆர்தான். நூலகங்களை ஏற்றும் டிஎல்எம்ஓபன் செயற்கூற்றை வைத்து நூலகத்தின் பல பிரதிகளைத் தனித்தனிப் பெயர்வெளியில் ஏற்றலாம் என்றார் எங்கள் சி++ நண்பர். செய்துகாட்டும் ஆவல் அவர் கண்ணில் தெரிந்தது. அடுத்தவர் பராமரிக்க முடியாது என்று சொல்லித் தடுத்தோம்.

மிச்சம் இரண்டு. ஆருக்கு ஒரே ஒரு த்ரெட்டை உரிமையாக்கி, மற்றவை வரிசையில் வேலையைப் போட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பது ஒன்று. ஆரைத் தனிப் பிராசஸ்களுக்கு அனுப்பிவிடுவது மற்றது.

காற்றுக்காலத்தின் நடுவில் இருந்ததால் முதலாவதை உடனே செய்தோம். மெயின் த்ரெட்டை ஆருக்குக் கொடுத்து, பிணைய வேலைகளை மற்ற த்ரெட்டுகளுக்கு மாற்றினோம். ஸ்டாக் சோதனையை அணைத்த வரியை நீக்கினோம். பதின்மூன்று இலக்க எண் திரும்ப வரவில்லை, ஏனென்றால் கழித்தல் இப்போது சரியான ஸ்டாக்கில் நடந்தது. ஆர் தொடங்கும் முன்பே அதன் சிக்னல் கையாளிகளை அணைத்தோம். இனி விழுந்தால் பட்டியல் காட்டாமல் விழும். கண்காணிப்பு நிரல் எழுப்பிவிடும். வேகத்தில் இழப்பு இல்லை, பூட்டு இருந்த காலத்திலும் ஆர் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்தது. பூட்டுக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பூட்டு, ஒரு நேரத்தில் ஒருவர் என்கிறது. ஆர் கேட்டதோ எப்போதும் அதே ஒருவரை.

ஆனால் வரிசை நீண்டது, டிஇசட் சிக்கலும் அப்படியே இருந்தது. செப்டம்பருக்குப் பின் இரண்டாவது வழிக்குப் போனோம்.

தனிப் பிராசஸ்கள்

ஆறு வேலைப் பிராசஸ்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆர், அதன் மெயின் த்ரெட்டில். சர்வர், ஒரே கணினிக்குள் பிராசஸ்களை இணைக்கும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாக அவற்றிடம் பேசுகிறது. மாதிரிகளை ஆறு முறை ஏற்றினால் நினைவகம் தாங்காது என்பதால், ஒருமுறை ஏற்றிவிட்டு ஃபோர்க் செய்வது, அதாவது ஓடும் பிராசஸிலிருந்தே அதன் நகலைப் பிறப்பிப்பது, திட்டம். ஆர்சர்வ் என்ற பழைய கருவியும் யூனிக்ஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் இப்படி ஃபோர்க் செய்துதான் ஆரைப் பிரித்துக் கொடுக்கிறது.

முதல் முயற்சியில் சர்வரிலிருந்தே ஃபோர்க் செய்தோம். சில குழந்தைப் பிராசஸ்கள் பிறந்தவுடனே உறைந்தன. ஃபோர்க்கில் அழைத்த த்ரெட் மட்டுமே குழந்தைக்கு வருகிறது; மற்ற த்ரெட்டுகள் பிடித்திருந்த பூட்டுகள், பிடித்தவர் இல்லாமல் பூட்டியபடியே வருகின்றன. எங்கள் பதிவு எழுதும் பகுதியின் பூட்டு அப்படி வந்து மாட்டியது. அதனால் த்ரெட்டே இல்லாத சிறு தாய் நிரல் ஒன்றைத் தனியாக எழுதினோம். அது ஆரைத் தொடங்கி, மாதிரிகளை ஏற்றி, ஃபோர்க் செய்து, ஆள் செத்தால் புதிதாகப் பெற்றுக்கொடுக்கும். வேறு வேலை அதற்குக் கிடையாது.

அடுத்து, பல ஆலைகளின் கணிப்புப் பட்டைகளில் ஒரே மாதிரியான நெளிவு தெரிந்தது. தாய் நிரல் ஒரு முன்னோட்டக் கணக்கை ஓட்டியதில் ஆரின் ரேண்டம் எண் விதை உருவாகி, ஆறு குழந்தைகளும் அதே விதையோடு பிறந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணோடை கொடுத்தோம். கூடவே, ஆருக்கு அணிக் கணக்குகளைச் செய்துதரும் ஓபன்பிளாஸ் நூலகத்தின் த்ரெட் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்தோம். இல்லாவிட்டால் எட்டு கோர் கணினியில் ஆறு பிராசஸும் தலைக்கு எட்டு த்ரெட் கிளப்பி ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

டிஇசட்டுக்கு, ஒவ்வொரு வேலைக்கு முன்பும் சூழல் மாறிகளையும் ஆர் அமைப்புகளையும் பழைய நிலைக்குத் திருப்புகிறோம். 200 வேலை முடித்த பிராசஸை ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறோம். மாதிரியிலும் நேர மண்டலத்தை வெளிப்படையாக எழுத வைத்தோம். அதை எழுதியவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். நூறு முறை ஓட்டியும் மாறாதது ஏன் என்று அவருக்கும் இப்போது தெரியும்.

பின்னர்

அடுத்த காற்றுக்காலம் முழுவதும் உறைதல் இல்லை, பிளாக் தள்ளலும் இல்லை. செலவும் உண்டு. நினைவகம் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் போகிறது. கார்பேஜ் கலெக்டர் தன் அடையாளங்களைப் பொருள்களின் தலைப்பகுதியிலேயே எழுதுவதால், ஃபோர்க்கில் பகிர்ந்த பக்கங்கள் படிப்படியாகப் பிரதியாகிவிடுகின்றன. பெரிய வெக்டர்களின் எண்கள் பகிர்வில் நிலைக்கின்றன, சின்னச் சின்னப் பொருள்கள் நிலைப்பதில்லை. எண்களைச் சாக்கெட் வழியாக அனுப்புவதில் சில மில்லி நொடிகள் போகின்றன. அதை யாரும் கவனித்ததில்லை.

திரும்பச் செய்தால் பதிக்கும் கட்டத்தையே தாண்டி நேராகத் தனிப் பிராசஸுக்குப் போவேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஒரு த்ரெட், ஒரு வரிசை என்ற நடுக்கட்டம் சிறிய சர்வருக்கு இன்றும் போதுமானது. கோரிக்கை அடர்த்தி தெரியாமல் ஆறு பிராசஸ் எழுப்பியிருக்கத் தேவையில்லை. கட்டாயம் மாற்றுவது வேறு இரண்டு. பதிக்கும் எந்த இயந்திரத்துக்கும் முதல் வாரத்திலேயே ஜிசிடார்ச்சர் போன்ற சித்திரவதைச் சோதனையை இரண்டு த்ரெட்டோடு ஓட்டுவோம். ஒரு சோதனையை அணைக்கும் வரிக்கு ஒப்புதல் கேட்டால், அந்தச் சோதனை எதை அளக்கிறது என்று எழுதித் தராமல் ஒப்புதல் கிடையாது. பிப்ரவரியில் என்னிடம் யாராவது கேட்டிருந்தால் என்னால் எழுதியிருக்க முடியாது.

அதே ஸ்டாக் பிழை பிறகும் ஒருமுறை வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவரின் மாதிரியில் ஒரு செயற்கூறு தன்னையே முடிவில்லாமல் அழைத்துக்கொண்டிருந்தது. பதிவில் இருந்த எண் 79 லட்சத்துச் சொச்சம் பைட். 8 எம்பி ஸ்டாக்குக்கு நம்பக்கூடிய எண். அந்த வேலை பிழையோடு முடிந்தது, மற்ற ஐந்து பிராசஸும் பாட்டுக்கு ஓடின. மறுநாள் காலை பதிவைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும்.